பனங்காடை இல்லாத பட்டியல்

அன்புள்ள தங்கைக்கு,

பறவைப் பட்டியல்களைப் பதியும் இபேர்ட் தளத்தில் நீ ஏற்றியிருப்பவற்றைப் பார்த்தேன். கூந்தன்குளம் போன அன்று வரித்தலை வாத்தும் பூநாரையும் படத்தோடு இருக்கின்றன. உன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்துக்கு மட்டும் ஒரு பட்டியல்கூட இல்லை. கேட்டால், "அங்க என்னக்கா இருக்கு, மடையானும் மைனாவும்தானே" என்கிறாய். அந்த மடையானும் மைனாவும்தான் வேண்டும்.

பட்டியலை அனுப்பும் முன் இபேர்ட் ஒரு கேள்வி கேட்கும்: உனக்கு அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டாயா? எல்லோரும் யோசிக்காமல் தட்டிவிட்டுப் போகும் இடம் இது. உண்மையாகவே எல்லாவற்றையும் எழுதி 'ஆம்' என்று சொன்னால், நீ எழுதாத பறவை அந்த நேரத்தில் உன் கண்ணிலும் காதிலும் படவில்லை என்று பொருள். அந்த 'இல்லை'தான் விலை உயர்ந்தது. ஒரு வட்டாரத்தில் 100 முழுப் பட்டியல்கள் இருந்து, பனங்காடை அவற்றில் 40-ல் இருக்கிறது என்று வைத்துக்கொள். பல ஆண்டுகள் கழித்து அதே 100-க்கு 20 என்றால், பறவை குறைகிறது என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. அரிய பறவையை மட்டும் எழுதும் பட்டியலை வைத்து இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

பனங்காடையைச் சும்மா சொல்லவில்லை. 2023-இல் வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, 30,000-க்கும் அதிகமான பறவை நோக்கர்கள் தந்த சுமார் 3 கோடி பதிவுகளை வைத்து 942 இனங்களை அலசியது. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும், நாம் திரும்பிக்கூடப் பார்க்காத பனங்காடை குறைந்துவருகிறது, உலகச் செம்பட்டியலில் அதன் நிலையை மறுபடி பார்க்க வேண்டும் என்றது அந்த அறிக்கை. மயிலும் குயிலும் பெருகியிருப்பதாகவும் அது சொன்னது. சிட்டுக்குருவி கதை இன்னும் சுவாரசியம். செல்போன் டவர்தான் அதை அழித்தது என்று ஊரே நம்பியது, '2.0' படம் வேறு வந்து அந்த நம்பிக்கைக்கு எண்ணெய் வார்த்தது. இதே வரிசையில் முன்பு வந்த 2020 அறிக்கையோ, நாடு முழுவதும் பார்த்தால் குருவி ஓரளவு நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. "இன்று 6 சிட்டுக்குருவி" என்று சலிக்காமல் எழுதியவர்கள் இல்லாவிட்டால் இன்னும் டவரையே திட்டிக்கொண்டிருப்போம்.

ஆகவே தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் பார்த்தாய், எவ்வளவு தூரம் நடந்தாய், இந்த மூன்றையும் விடாதே. 15 நிமிடம் நின்று பார்த்தாலே ஒரு நல்ல பட்டியல். நீ எண்ணிக்கைக்குப் பதிலாக எல்லா இடத்திலும் 'எக்ஸ்' போட்டு வைக்கிறாய். பறவை இருந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. நாமக்கோழிக் கூட்டத்தில் பத்தை எண்ணு. அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதே அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போ. 180-ஐ 200 என்று எழுதினாலும் பாதகமில்லை.

தெரியாததைத் தெரியாது என்றே எழுது. சேற்றில் ஓடும் சின்ன உள்ளான்களில் பாதியை நானும் 'உள்ளான் வகை' என்றுதான் போடுகிறேன். மெர்லின் செயலி குரலைக் கேட்டு ஒரு பெயரைச் சொன்னால் அது துப்பு மட்டுமே. கண்ணாலோ, உனக்கே பழகிய குரலாலோ உறுதியானால் எழுது. இபேர்டில் பதிவுகளைச் சரிபார்ப்பவர் கடிதம் போட்டுப் படமோ குறிப்போ கேட்டால் கோபப்படாதே. அவரும் சம்பளமில்லாமல் ராத்திரி உட்கார்ந்து பார்க்கிற ஆள்தான். 'ரேர்' கிடைத்த சந்தோஷத்தில் நமக்கு வால் நீளமாகவும் அலகு வளைந்தும் தெரியும்!

கூட்டின் இருப்பிடத்தை எங்கும் போடாதே. ஆந்தை அடையும் மரத்தையும் அப்படியே. குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைத்துப் படமெடுப்பவர்களோடு நீ போகவே வேண்டாம்.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். அந்த நாட்களில் கூந்தன்குளத்தில் ஆளுக்குப் பஞ்சமிருக்காது. உன் குளத்துக்கு உன்னை விட்டால் ஆளில்லை. அதே கரையில், அதே புளியமரத்தடியில் நின்று மாதம் ஒருமுறையாவது எழுது, வெறும் நான்கு இனமே கிடைத்தாலும்.

இன்னொரு வேலையும் உண்டு. உங்கள் ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியரோ, வனத்துறையில் இருந்தவரோ பழைய நோட்டில் பறவைகளைக் குறித்து வைத்திருக்கக்கூடும். விசாரித்துப் பார். கிடைத்தால் அவர் சம்மதத்தோடு, அவர் பெயரிலேயே கணக்குத் தொடங்கி ஏற்றிக்கொடு. நேரமும் தூரமும் இல்லாத பக்கங்களை 'ஹிஸ்டாரிக்கல்' என்ற பிரிவில் போடலாம். 2000-க்கு முந்தைய பதிவுகள் நம்மிடம் மிகக் குறைவு. தேதியும் இடமும் தெளிவாக இருக்கிற பக்கத்தை மட்டும் எடு. மங்கிப்போன எழுத்தை ஊகித்து நிரப்பாதே. சந்தேகமான பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா