காசு கொடுத்தது படுக்கைக்கு

“நல்லாச் சாப்பிட்டிருப்பியள் ரீச்சர்!”

லண்டனுக்கு பிஸ்னஸ் கிளாஸில் போய் வந்தது தெரிந்ததும், கிளிநொச்சி உருத்திரபுரம் கூழாவடிச் சந்தியில் கண்டவர்களெல்லாம் இதைத்தான் சொன்னார்கள். சாப்பிட்டேன்தான். ஆனால் சாதாரண வகுப்பைவிட மூன்று நான்கு மடங்கு விலை வைப்பது சோறு கறிக்காக இல்லை. பத்துப் பதினொரு மணித்தியாலப் பறப்பில் காலை நீட்டிப் படுக்க ஓர் இடம் கிடைக்கிறதே, அதற்குத்தான். மற்றதெல்லாம் அதனுடன் சேர்ந்து வருகிற உபசாரம். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து இப்படி ஒரு ரிக்கற் போட்டால், போகிற ஆளுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நான் கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

ரிக்கற் வந்த வழி

ஓய்வூதியத்தில் வாழும் ஆசிரியைக்கு இது கட்டுப்படியாகிற விலை இல்லை. மகள் குடும்பம் லண்டன் ஹரோவில் இருக்கிறது. மருமகன் கடனட்டைச் செலவில் சேர்த்து வைத்த ஏவியோஸ் புள்ளிகளில்தான் ரிக்கற் போட்டார். ஏவியோஸ், பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் கொடுக்கும் புள்ளி. சிறிலங்கன் எயார்லைன்ஸ் 2014இல் ஒன்வேர்ல்ட் கூட்டணியில் சேர்ந்ததால், அந்தப் புள்ளியில் கொழும்பு விமானத்திலும் இடம் எடுக்கலாம். செயின்ஸ்பரிஸ் கடையில் சேரும் நெக்டர் புள்ளிகளையும் 2021 முதல் ஏவியோஸாக மாற்ற முடிகிறது. லண்டனில் பிள்ளைகள் இருப்பவர்கள் கேட்டுப் பாருங்கள். பலர் புள்ளியைச் சேர்த்துவிட்டு மறந்து போயிருப்பார்கள்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். புள்ளிக்கு ஒதுக்கும் இருக்கைகள் கொஞ்சம். பள்ளி விடுமுறைக் காலத்துக்கு மாதக்கணக்கில் முந்திப் பார்க்க வேண்டும். மற்றது, புள்ளியில் எடுத்தாலும் வரியைக் காசாகத்தான் கட்ட வேண்டும். பிரித்தானியாவிலிருந்து புறப்படும்போது அறவிடும் பயண வரி, பிஸ்னஸ் கிளாஸ்காரருக்குச் சாதாரண வகுப்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

பெயரை மட்டும் நம்பக்கூடாது

குவாண்டாஸ் 1979இல் பிஸ்னஸ் கிளாஸ் என்று தொடங்கியபோது அது கொஞ்சம் அகலமான கதிரை, அவ்வளவுதான். அந்த வகுப்பில் முழுதாகத் தட்டையாகும் படுக்கையை பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் கொண்டுவந்தது 2000ஆம் ஆண்டில். இன்றைக்கும் எல்லா விமானமும் ஒரே மாதிரி இல்லை. ஆகவே ரிக்கற் போடுகிற பிள்ளையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “எந்தப் பிளேன், எப்பிடிக் கதிரை?”

நான் போன சிறிலங்கனின் ஏ330-300இல் பிஸ்னஸ் கிளாஸ் இருக்கைகள் 28. யன்னல் பக்கம் ஒன்று, நடுவில் இரண்டு, மற்ற யன்னல் பக்கம் ஒன்று என்ற அடுக்கு. யாரையும் எழுப்பாமல் நடைபாதைக்கு வரலாம். இரண்டிரண்டாகக் கதிரை போட்ட விமானங்களில் யன்னலோரத்தில் இருப்பவர், பக்கத்தில் படுத்திருப்பவரின் காலைக் கடந்துதான் கழிப்பறைக்குப் போக வேண்டும். முழங்கால் நோ உள்ளவருக்கு அது பெரிய சோதனை. டுபாய் வழியாகப் போகிறவர்களும் பாருங்கள்: எமிரேட்ஸின் போயிங் 777கள் பலவற்றில் பிஸ்னஸ் கிளாஸிலேயே நடுக்கதிரை உண்டு. தனியே போனால் யன்னல், சோடியாகப் போனால் நடுவில் இரண்டு. இருக்கையை முன்கூட்டியே பதிந்துவிட வேண்டும்.

பயணம் தொடங்குவது படலையில்

எங்களுக்குக் கிட்டிய விமான நிலையம் பலாலிதான். 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். ஆனால் அங்கிருந்து இந்தியாவுக்குச் சிறிய விமானங்கள்தான் பறக்கின்றன. லண்டனுக்கு கட்டுநாயக்காதான். நான் போனபோது விமானம் மதியம் போல் புறப்பட்டது. அதைப் பிடிக்க உருத்திரபுரத்தில் நடுச்சாமத்தில் வான் ஏற வேண்டும். வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று இரவிரவாக ஓட்டம். விடியும்போது இடுப்பு இடுப்பாக இருக்காது.

இதனால் ஒரு நன்மையும் உண்டு. மதிய விமானத்தில் மற்றவர்கள் படம் பார்த்துக்கொண்டிருக்க, வன்னியிலிருந்து போகிறவருக்கு நித்திரை தூக்கியடிக்கும். அந்த நித்திரையைச் சாப்பாட்டுக்காக விடாதீர்கள். ஏறியவுடன், “நான் படுக்கப் போறன், சாப்பாடு பிறகு தாங்கோ” என்று சொன்னால் எடுத்து வைத்திருந்து தருவார்கள். ஆனால் முழுப் பறப்பும் படுக்கவும் கூடாது. கோடையில் லண்டன் நேரம் எங்களைவிட நாலரை மணித்தியாலம் பின்னால். இறங்கும்போது அங்கே மாலை முடிந்து இரவு தொடங்கும் நேரம். முதல் பாதியில் நித்திரை, இரண்டாம் பாதியில் விழிப்பு என்று வைத்துக்கொண்டால் போன அன்றே பேரப்பிள்ளைகளோடு நேரத்துக்குப் படுக்கலாம்.

பொதி: என் ரிக்கற்றில் 40 கிலோ விட்டார்கள். அதற்காக எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடையக்கூடாது. தூக்குகிற தொழிலாளரின் பாதுகாப்புக்காக ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்ட விடமாட்டார்கள். ஒடியல் மா, மிளகாய்த்தூள், பனங்கட்டி எல்லாம் சரி. இறைச்சியும் பால் பொருட்களும் பிரித்தானியாவுக்குள் கொண்டுபோகத் தடை. ஆகவே வீட்டு நெய்ப் போத்தல் வீட்டிலேயே நிற்கட்டும்.

லவுஞ்ச் என்கிற ஓய்வறையில் தேத்தண்ணியும் சாப்பாடும் இலவசம். குளிக்க வசதி இருக்கிறதா என்று வாசலில் விசாரியுங்கள். இரவு முழுக்க வானில் வந்தவருக்கு அதைவிடப் பெரிய உபசாரம் இல்லை.

கூச்சம்தான் பெரிய செலவு

2008 கடைசியில், யுத்தத்தால், உழவு இயந்திரப் பெட்டியில் சாமான்களோடு சாமானாக ஊரை விட்டு வெளிக்கிட்ட சனம் நாங்கள். தரப்பாளுக்குக் கீழே படுத்து எழும்பியவர்களுக்கு, ஆகாயத்தில் மெத்தை விரித்துத் தரும்போது “எங்களுக்கு ஏன் இதெல்லாம்” என்று மனம் சுருங்கும். சுருங்கிப்போய் நிமிர்ந்த கதிரையில் பதினொரு மணித்தியாலம் இருந்து போன பெரியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வாங்கியது பிஸ்னஸ் கிளாஸ் ரிக்கற், போனது சாதாரணப் பயணம்.

கேட்க வேண்டியதைக் கேளுங்கள். கதிரையைப் படுக்கையாக்கும் பொத்தான் கைப்பிடிப் பக்கம் இருக்கும். மேசை கைப்பிடிக்குள் மடித்திருக்கும். இரண்டும் முதல் தடவை யாருக்கும் பிடிபடாது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, “பிள்ளை, இதைக் கட்டிலாக்கித் தா” என்று எனக்கு வந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவவே மெத்தையும் விரித்து விட்டா. சுடச்சுடத் தருகிற சிறு துவாய் முகமும் கையும் துடைக்க. பறக்குமுன் தருகிற பானம் குடிக்கத்தான், காசு கேட்கமாட்டார்கள். கால்மேஸ், பற்தூரிகை வைத்த சின்னப் பையை வீட்டுக்குக் கொண்டுவரலாம். போர்வையும் தலையணையும் விமானத்துக்குரியவை.

படுக்கும்போது இருக்கைப் பட்டியைப் போர்வைக்கு மேலே தெரியும்படி கட்டுங்கள். விமானம் குலுங்கும்போது பட்டி கட்டியிருக்கிறதா என்று பார்க்க வருவார்கள். கண்ணுக்குத் தெரிந்தால் எழுப்பமாட்டார்கள். மரக்கறிக்காரர் 24 மணித்தியாலத்துக்கு முன்பே சாப்பாட்டைப் பதிந்துவிட வேண்டும். எந்த வகுப்பானாலும் இது பொருந்தும்.

உடம்புக்கு வகுப்பு தெரியாது

முன்னுக்கு இருந்தாலும் பின்னுக்கு இருந்தாலும் சுவாசிப்பது ஒரே காற்று. உள்ளே அழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பது போன்றது. ஈரப்பதன் இருபது சதவீதத்துக்கும் குறைவு. உதடு காயும், நாக்கில் ருசி மந்தமாகும். தண்ணீர் கேட்டுக் கேட்டுக் குடியுங்கள். இலவசம் என்பதற்காக வைன், விஸ்கியில் இறங்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

காலில் இரத்தம் கட்டியாகும் ஆபத்து பிஸ்னஸ் கிளாஸில் இல்லை என்று நினைக்கக்கூடாது. நாலு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் அந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. மொத்தத்தில் அது சிறிய ஆபத்துத்தான், ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு. என்றாலும் எழும்பி நடவுங்கள், படுத்தபடியே கணுக்காலைச் சுழற்றுங்கள். சத்திரசிகிச்சை செய்தவர்களும் இருதய வருத்தக்காரரும் போகுமுன் வைத்தியரைக் கேட்பது நல்லது. குளுசைகளும் கிளினிக் கொப்பியும் கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் இல்லை.

சக்கர நாற்காலி உதவிக்காகப் பிஸ்னஸ் கிளாஸ் எடுக்க வேண்டியதில்லை. எந்த ரிக்கற்றுக்கும் அது இலவசம். 48 மணித்தியாலத்துக்கு முன் சொன்னால் போதும்.

யாருக்கு, எப்போது

திரும்பி வரும் விமானம் லண்டனில் இரவு வெளிக்கிட்டு மறுநாள் மதியம் போல் கட்டுநாயக்காவில் இறங்கியது. ஹீத்ரோ மூன்றாம் முனையத்தில் ஒன்வேர்ல்ட் கூட்டணியின் எந்த பிஸ்னஸ் லவுஞ்சிலும் இருக்கலாம். கதே பசிபிக் லவுஞ்சில் நூடில்ஸ் சுடச்சுடத் தருவார்கள். அங்கேயே இரவுச் சாப்பாட்டை முடித்து, ஏறியவுடன் படுத்தேன். கொழும்பு கிட்டும்வரை நல்ல நித்திரை. அதற்குப் பிறகு வானில் கிளிநொச்சி வரை வந்தபோதும் முழங்கால் மக்கர் பண்ணவில்லை. படுக்கைக்குக் கொடுத்த காசு அந்த இரவில்தான் கழிந்தது.

ஆகவே என் கணக்கு இது. வயது போனவர், மூட்டு நோ உள்ளவர், இரவுப் பறப்பு: இந்த மூன்றும் சேர்ந்தால் பிஸ்னஸ் கிளாஸ் பெறுமதி. இளந்தாரிகளுக்கும் நாலைந்து மணித்தியாலப் பயணத்துக்கும் வீண் செலவு. இரு பக்கமும் முடியாவிட்டால் இரவில் பறக்கிற பக்கத்துக்கு மட்டும் எடுங்கள், வரி கூடினாலும்.

இந்த முறை சிறுபோக வெட்டு என்று என் கணவர் வரவில்லை. அடுத்த வருசமும் அதே மாதிரிப் போடட்டோ என்று மகள் கேட்டாள். “வரேக்க மட்டும் அப்பிடிப் போடு. போகேக்க சும்மா கிளாஸ் காணும். மிஞ்சிற புள்ளியில கொப்பாவுக்கும் ஒரு ரிக்கற் போடு” என்றேன்.