சேறு குடித்ததும் கக்கியதும்

கேள்வி: எங்கள் வீடு மாளிகைக்காட்டில். கடலோர நீர்நிலையான தோணாவையும், அது கடலில் சேரும் முகத்துவாரத்தையும் பார்த்தே வளர்ந்தவன் நான். "வட்டையால வாற உரத் தண்ணியச் சேறு குடிச்சிரும், அதாலதான் தோணா தாங்குது" என்று வாப்பா சொல்வார். ஆனால் மாரி முடிந்து, வெட்டிவிட்ட முகத்துவாரத்தால் கடல் தண்ணீர் உள்ளே ஏறி, பிறகு மணல் மூடிய நாட்களில்தான் தண்ணீர் பச்சையாகிறது. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது. அது அறுவடைக் காலம், வயலில் யாரும் உரம் வீசுவதில்லை. அப்படியானால் சேறு குடிக்கிறதா, கக்குகிறதா? பெக்கோ இயந்திரம் கொண்டுவந்து சேற்றை அள்ளிவிட்டால் தீர்ந்துவிடுமா?

(வாசகர், மாளிகைக்காடு, காரைதீவு)

பதில்: உங்கள் வாப்பா சொன்னது சரி. நீங்கள் கண்டதும் சரி. மாரியில் குடித்த அதே சேறுதான் கோடை தொடங்கும்போது கக்குகிறது. அதைக் கக்க வைப்பதில் பெரிய பங்கு நீங்கள் குறிப்பிட்ட கடல் தண்ணீருக்கு உண்டு.

முதலில் என்ன வருகிறது என்று பார்ப்போம். சம்மாந்துறை, நிந்தவூர், காரைதீவு வயல் வட்டைகளுக்குக் கல்லோயாத் திட்டத் தண்ணீர் பாய்கிறது. ஐம்பது கிலோ யூரியாப் பை ஒன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. வயலில் வீசும் யூரியாவில் பாதியைக்கூட நெற்பயிர் எடுத்துக்கொள்வதில்லை. மிச்சத்தில் ஒரு பகுதி காற்றோடு போகிறது, ஒரு பகுதி மண்ணில் தங்குகிறது, இன்னொரு பகுதி வடிச்சல் வாய்க்கால் வழியே இறங்கி வருகிறது. வயலை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. கல்முனையிலிருந்து காரைதீவு வரை கடற்கரையோரம் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. ஒவ்வொரு வளவிலும் ஒரு மலக்குழி, அடியில் மணல். குழியில் ஊறும் நைதரசன் நைத்திரேற்றாக மாறினால் மணலால் அதைப் பிடித்துவைக்க முடியாது. நிலத்தடி நீரோடு கிணற்றுக்கும் தோணாவுக்கும் அது போய்ச் சேரும். உரத்துக்குப் போகம் பார்த்துக் கணக்கு வைக்கலாம். மலக்குழிக்குப் போகம் கிடையாது.

தோணாவுக்குள் வந்ததைப் பாசியும் மிதக்கும் களைகளான சல்வீனியாவும் ஆற்றுவாழையும் உண்டு வளர்ந்து, செத்து, அடியில் படிகின்றன. அதோடு வயல் வெள்ளம் கொண்டுவரும் நுண்ணிய களியும் இறங்குகிறது. இந்த இரண்டும் கலந்ததுதான் நீங்கள் காலில் மிதிக்கும் சேறு. செத்த இலையைப் பற்றீரியாக்கள் தின்னும்போது அதிலிருந்த நைதரசன் அமோனியமாக வெளியே வரும். அமோனியம் நேர் மின்னேற்றம் கொண்டது, களித்துகளின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் இருக்கிறது. ஆகவே அமோனியம் களியில் ஒட்டிக்கொள்ளும். மாரிக்காலத்தில் தோணாவில் நிற்பது அநேகமாக மழைத் தண்ணீர், ஒட்டியதைப் பிடுங்க அதில் எதுவும் இல்லை. இதுதான் வாப்பா சொன்ன "குடிப்பது".

இப்போது முகத்துவாரம் திறந்து கடல் தண்ணீர் ஏறுகிறது. அதில் சோடியமும் மகனீசியமும் நிறைய. அவையும் நேர் மின்னேற்றம் கொண்டவை. நெரிசலான பஸ்ஸில் பத்துப் பேர் ஒருவரை நெருக்கினால் அவர் கம்பியில் பிடித்த கை விட்டுப் போகும் அல்லவா? அப்படித்தான் களியில் பிடித்துநின்ற அமோனியம் கழன்று தண்ணீருக்கு வருகிறது. யாரும் புதிதாக ஒரு பிடி உரம் வீச வேண்டியதில்லை. மாரியில் சேமித்ததே போதும்.

1988 இல் சிபில் சைற்சிங்கர் என்ற அமெரிக்க விஞ்ஞானி பல ஆறுகள், ஏரிகள், கழிமுகங்களின் அளவீடுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார். நன்னீர்ச் சேற்றிலிருந்து வெளிவரும் நைதரசனில் 76 முதல் 100 சதவீதம் வரை தீங்கற்ற நைதரசன் வாயுவாகக் காற்றுக்குப் போய்விடுகிறது. கழிமுகத்திலும் கரையோரக் கடலிலும் அது 15 முதல் 70 சதவீதம்தான். மிச்சம் பாசிக்கு உணவாகத் தண்ணீருக்கே திரும்புகிறது. ஏன் இந்த வித்தியாசம்? 1991 இல் வெயின் கார்ட்னரும் சைற்சிங்கரும் இன்னொருவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு கடல் உப்பைத்தான் காரணமாகக் காட்டியது. நன்னீரில் அமோனியம் களியில் தங்கி நிற்பதால், அதை மாற்றியமைக்கும் பற்றீரியாக்களுக்கு அவகாசம் கிடைக்கிறது. உப்பு நீரில் அது நிற்காமல் ஓடிவிடுகிறது.

அந்தப் பற்றீரியாக்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தோணாவைக் காப்பாற்றக்கூடியவை அவைதான். சேற்றை மெல்ல வெட்டிப் பார்த்தால் மேலே பழுப்பாக ஒரு தோல், கீழே கறுப்பு. பழுப்புத் தோலில் ஒட்சிசன் இருக்கிறது, நல்ல சேற்றிலும் அது சில மில்லிமீற்றர்தான். அங்கே ஒரு கூட்டம் அமோனியத்தை நைத்திரேற்றாக்குகிறது. அந்த நைத்திரேற்று ஒரு நூல் அளவு கீழே இறங்கினால் ஒட்சிசன் இல்லாத இடம். அங்கே வாழும் இன்னொரு கூட்டம் ஒட்சிசனுக்குப் பதிலாக நைத்திரேற்றைச் சுவாசித்து, அதை நைதரசன் வாயுவாக வெளியே விடுகிறது. காற்றில் ஏற்கெனவே 78 சதவீதம் இருக்கும் அதே வாயு. அதனால் பாசியும் வளராது, மீனும் சாகாது. மூட்டை மூட்டையாக வந்த நைதரசன் தோணாவை விட்டு நிரந்தரமாகப் போகும் பெரிய வாசல் இதுதான். களியில் ஒட்டுவது கடன் மாதிரி, திரும்பி வரும். வாயுவாகப் போனது திரும்பி வந்து உங்களைத் தொந்தரவு செய்யாது.

இந்த வாசல் திறந்திருக்கப் பழுப்புத் தோல் உயிரோடிருக்க வேண்டும். சேற்றில் வளை தோண்டும் நண்டும் புழுவும் இதில் பெரிய உதவி. ஒவ்வொரு வளையின் சுவரிலும் ஒட்சிசன் படுவதால், அங்கெல்லாம் புதிதாக ஒரு பழுப்புத் தோல் உண்டாகிறது. வெயில் அடியில் விழும் ஆழமற்ற இடங்களில் சேற்றின் மேல் படரும் நுண்பாசியும் நல்லது. அது பகலில் ஒட்சிசன் கொடுக்கும், மேலே வரும் அமோனியத்தையும் தானே பிடித்துக்கொள்ளும்.

எது கெடுக்கிறது? தண்ணீர் முழுக்கச் சல்வீனியா மூடினால் கீழே வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. இறைச்சிக் கழிவும் மீன் கழிவும் வீட்டுக் குப்பையும் கொட்டினால், அவை அழுகும்போது இருக்கும் ஒட்சிசனையும் தின்றுவிடும். அப்போது பழுப்புத் தோல் மறைந்து கறுப்பு மேலே வரும். கூழ்முட்டை நாற்றம் வருகிறதே, அது ஐதரசன் சல்பைட்டு. கடல் நீரிலுள்ள சல்பேற்றிலிருந்து பற்றீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. அமோனியத்தை நைத்திரேற்றாக்கும் கூட்டத்துக்கு அது நஞ்சு என்று சமந்தா ஜோயும் ஜேம்ஸ் ஹொலிபோவும் 1995 இல் காட்டினார்கள். முதல் கூட்டம் ஓய்ந்தால் இரண்டாம் கூட்டத்துக்கு உணவில்லை. வாசல் மூடிவிடும், எல்லா அமோனியமும் தண்ணீருக்கே வரும். இன்னும் மோசமான ஒன்று: அந்த நிலையில், மிஞ்சியிருக்கும் நைத்திரேற்றையும் வேறொரு பற்றீரியாக் கூட்டம் திரும்ப அமோனியமாக்கிவிடும்.

உங்கள் மீன்களின் கதை இதன் தொடர்ச்சி. கடல் நீர் அமோனியத்தைக் கழற்றிவிட்டது, மணல் மேடு வாயை மூடியது, மழைக் கலங்கல் தெளிந்து வெயில் உள்ளே விழுந்தது. பாசிக்கு இதைவிட நல்ல நாள் ஏது? பகலில் அது ஒட்சிசன் விடும், இரவில் தானும் சுவாசிக்கும். வெதுவெதுப்பான நீரில் ஒட்சிசன் கரைவதே குறைவு. 30 பாகை செல்சியஸில் நன்னீரே லீற்றருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுதான் வைத்திருக்கும், உப்பு நீர் அதிலும் குறைவு. விடியும்போது ஒட்சிசன் அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் மீன் விடியற்காலையில் மேலே வருகிறது, மத்தியானத்தில் அல்ல.

இனி பெக்கோ. என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன்: வாய் மூடிய கோடையில் தோணாவின் சேற்றைக் கிளறுவது தவறு. சேற்றுத் துகள்களின் இடைநீரில் மேலேயுள்ள தண்ணீரைவிட அமோனியம் பல மடங்கு அதிகம். கிளறினால் அதுவும் சல்பைட்டும் ஒரே நாளில் மேலே வரும். அள்ளியதைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழை அதைத் திரும்ப உள்ளே இறக்கும். சேறு அள்ளும் வேலையையும் அதற்கான பணத்தையும் தோணாவைச் சுற்றி எத்தனையோ பேர் எதிர்பார்த்து நிற்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் குப்பையும் மலக்கழிவும் வந்துகொண்டிருக்கும்வரை புதிய சேறும் அப்படியே படியும். தூர்ந்துபோய் வெள்ளம் வடிய வழியில்லாத இடத்தில் அள்ளத்தான் வேண்டும், அது உயிர்ப் பிரச்சினை. அதை மழைத் தண்ணீர் கடலுக்கு ஓடிக்கொண்டிருக்கும் காலத்தோடு ஒட்டிச் செய்து, அள்ளியதை அப்பால் கொண்டுபோக வேண்டும்.

அதைவிட மலிவான வேலை ஒன்று உண்டு. சல்வீனியாவும் ஆற்றுவாழையும் பச்சையாக இருக்கும்போதே அள்ளி, தோணாவிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் உக்க வைப்பது. அந்த இலைகளில் இருப்பது தண்ணீரிலிருந்து எடுத்த நைதரசன்தான். அழுகி அடியில் விழுமுன் எடுத்தால் உண்மையிலேயே கணக்கிலிருந்து கழிகிறது. கரையில் போட்டுவிட்டுப் போனால் ஒன்றும் கழியாது.

ஒரு போகம் யூரியாவை நிறுத்தினால் தோணா தெளிந்துவிடுமா என்று 2021 இரசாயன உரத் தடைக் காலத்தில் சிலர் என்னிடம் கேட்டார்கள். தெளியாது. பல வருடமாகப் படிந்த இலையும் கழிவும் அடியில் இருக்கின்றன, அவை உக்கி முடியும்வரை அமோனியம் வந்துகொண்டேதான் இருக்கும். தேவைக்கு மேல் வீசாமல், பல தடவையாகப் பிரித்து, வயலில் தண்ணீர் வழிந்தோடாத நேரம் பார்த்து வீசினால் விவசாயிக்கும் காசு மிச்சம், தோணாவுக்கும் பாரம் குறைவு.

நீங்களே பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் அடியை வெட்டிவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, ஆழமற்ற இடத்தில், வெட்டிய பக்கத்தைச் சேற்றில் மெல்ல இறக்குங்கள். மூடியை இறுக்கி, அடியைக் கையால் பொத்தி, குலுக்காமல் எடுங்கள். பழுப்புத் தோல் எத்தனை மில்லிமீற்றர் என்று அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள். முகத்துவாரம் வெட்டுவதற்கு முதல் ஒரு தடவை, கடல் நீர் ஏறிய பிறகு ஒரு தடவை, பச்சையான பிறகு ஒரு தடவை. வாப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், எந்த இடத்தில் முன்பு நண்டு வளை நிறைய இருந்தது என்று அவருக்குத் தெரியும். அந்த இடத்தையும் குப்பை கொட்டும் இடத்தையும் தனித்தனியே அளந்து எனக்கு எழுதுங்கள்.