முகம் தெரியட்டும், நிறம் மாறாமல்

ஆண்டு இறுதியில் வகுப்புக் குழுப்படம் எடுக்கிறோம். படம் கைக்கு வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் முதலில் தேடுவது தன் முகத்தைத்தான். வெள்ளைச் சுவருக்கு முன்னால் உச்சி வெயிலில் நிற்க வைத்து எடுத்த படங்களில் கருமையான நிறமுள்ள பிள்ளைகளின் கண்களே தெரிவதில்லை. "நான் இவ்வளவு கருப்பா சார்?" என்று என்னிடம் கேட்ட மாணவர்கள் உண்டு. கணினியில் எல்லா முகங்களையும் வெளுக்க வைப்பது இதற்குத் தீர்வு அல்ல. உன் நிறம் சரியில்லை என்று பிள்ளையிடம் சொல்வதாகவே அது ஆகிவிடும்.

பிழை ஒளியில் இருக்கிறது. கேமராவின் தானியங்கி அளவீடு, காட்சி முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கருதியே கணக்கிடுகிறது. வெள்ளைச் சுவர் பெரும்பகுதியை அடைத்தால், ஒளி மிகுதி என்று எண்ணிக் குறைத்துவிடுகிறது. உச்சி வெயிலோ புருவத்தின் நிழலைக் கண்ணில் விழச் செய்கிறது.

தொழில்முறை ஒளிப்படக் கலைஞர்கள் இதற்குப் பிளாஷைக் கேமராவிலிருந்து பிரித்து, தனி ஸ்டாண்டில் வைக்கிறார்கள். கேமராவின் மேல் பொருத்திய சிறு டிரிகர் ரேடியோ அலை மூலம் அதை இயக்கும். இவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வேலை செய்பவை. அதன் அலைநீளம் 12.5 செ.மீ. என்பதை மாணவர்களே கணக்கிடலாம். உள்ளூர் ஸ்டூடியோக்காரர் ஒருவரை அழைத்தால் கருவிகளை வாங்கவேண்டிய தேவையும் இல்லை.

படம் எடுக்கும் முறை

1. பிள்ளைகளைக் கட்டட நிழலில் நிறுத்துங்கள்.
2. பிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்து, பின்னணி அளவாகத் தெரியும்படி கேமராவைக் கையால் அமையுங்கள். ஷட்டர் வேகம் 1/200 நொடியைத் தாண்ட வேண்டாம்.
3. பிளாஷைப் பக்கவாட்டில் ஏறத்தாழ 45 பாகையில், தலைக்குச் சற்று மேலே வையுங்கள். முன்னால் வெள்ளைக் குடை இருந்தால் நிழல் மென்மையாகும்.
4. முகம் வெளுத்தால் பிளாஷின் திறனைப் பாதியாக்குங்கள். இருண்டால் கூட்டுங்கள்.

பிளாஷ் ஒளி பொதுவாக ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைவிட மிகக் குறைந்த நேரமே நீடிக்கும். ஆகவே ஷட்டரை மாற்றினால் பின்னணி மட்டும் மாறும். பிளாஷ் தரும் வெளிச்சம் மாறாது. லென்ஸின் துளையை மாற்றினால் இரண்டும் மாறும்.

வகுப்பறைச் செயல்பாடு

இருட்டாக்கிய அறையில், குடை இல்லாத பிளாஷிலிருந்து 1, 2, 3 மீட்டர் தொலைவில் மூன்று மாணவர்களை, ஒருவரை ஒருவர் மறைக்காமல் நிறுத்தி ஒரே படம் எடுங்கள். தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் ஒளி குறையும். முதல் மாணவருக்குக் கிடைப்பதில் இரண்டாமவருக்கு 1/4, மூன்றாமவருக்கு 1/9 பங்குதான். படத்தில் வேறுபாடு இதைவிடக் குறைவாகத் தெரியலாம். ஏன் என்று கேளுங்கள். சுவர்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அடுத்து குழுப்படக் கணக்கு. முன்வரிசை பிளாஷிலிருந்து 2 மீட்டரிலும் பின்வரிசை 4 மீட்டரிலும் இருந்தால், முன்வரிசைக்கு 4 மடங்கு ஒளி கிடைக்கும். பிளாஷை 2 மீட்டர் பின்னே நகர்த்தினால் தொலைவுகள் 4, 6 மீட்டர் ஆகும். வேறுபாடு 2.25 மடங்காகக் குறையும். கடைசி வரிசைப் பிள்ளையின் முகமும் தெரியும்.

கவனிக்க

பிளாஷைப் பிரிக்க மாணவர்களை அனுமதிக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளிருக்கும் மின்தேக்கியில் ஏறத்தாழ 300 வோல்ட் தங்கியிருக்கலாம். காற்றில் சாயாதபடி ஸ்டாண்டில் மணல் மூட்டை கட்டுங்கள். வலிப்பு நோய் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்களா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

படம் முடிந்ததும் ஒவ்வொருவரும் திரையில் தெரியும் தன் முகத்தருகே தன் கையை வைத்து நிறத்தை ஒப்பிடட்டும். பொருந்தவில்லை என்றால் என்ன மாற்ற வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லட்டும்.