பெயரும் எண்ணும்: லினக்ஸ் கணிப்பொறியில் அடையாள முரண்

முன்னுரை

வருகைப் பதிவேட்டில் ஒரே பெயருடைய மாணவர் இருவர் இருப்பின், அவர்களை வேறுபடுத்துவது வரிசை எண்ணேயாகும். எண் பிறழின் ஒருவர் பெற்ற மதிப்பெண் மற்றவர் கணக்கிற் சேரும். 1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் இயக்க அமைப்பிலும் இத்தகைய பிறழ்ச்சி நேர்வதுண்டு. அதன் காரணத்தையும் தீர்வையும் ஈண்டுக் காண்போம்.

எண்ணே அடையாளம்

நாம் பெயரால் உள்நுழைகின்றோம். ஆயின், அமைப்பின் உட்கருவாகிய கெர்னல் பெயரை அறியாது, எண்ணையே அறியும். ஒவ்வொரு கோப்பிலும் உரிமையாளர் எண், குழு எண் என இரண்டு பதிந்திருக்கும். எண்ணுக்குரிய பெயர்கள் 'பாஸ்வேட்', 'குரூப்' என்னும் இரு பட்டியல்களில் உள்ளன. தலைமை நிர்வாகியாகிய 'ரூட்' என்பாரின் எண் 0. ஏனைய பயனர்க்கு இன்று பெரும்பாலும் 1000 முதலாக எண் வழங்கப்பெறுகின்றது.

முரண் தோன்றுமாறு

கபிலன், பரணன் என இருவரைக் கொள்வோம். முதற் கணிப்பொறியில் கபிலன் 1000, பரணன் 1001. மற்றொன்றில் பரணன் முதலிற் பதிவு பெற்றமையால் எண்கள் தலைமாறின. கபிலன் தன் ஆய்வேடு அடங்கிய லினக்ஸ் வட்டினை இரண்டாம் பொறியில் இணைக்கின்றான். அங்கு 1000 என்பது பரணனைக் குறிக்கும். எனவே கபிலனுக்குத் தன் ஏட்டைத் திறக்க இசைவில்லாது போகலாம். பரணனோ அதனைப் படிக்கவும் அழிக்கவும் உரிமை பெறுகின்றான். பூட்டு பழுதாகவில்லை, சாவியே கைமாறியது எனலாம்.

தீர்க்கும் முறை

முதற்கண் கோப்புகளுக்குப் படி எடுத்தல் வேண்டும். இருவரும் வெளியேறியபின், கபிலனின் வட்டைக் கழற்றிவிடுதல் இன்றியமையாதது. இன்றேல் சரியாக உள்ள எண்களும் மாறிவிடும்.

அடுத்து, பரணனை நேரே 1001க்கு மாற்றலாகாது. அவ்வாறு மாற்றின் இருவர் கோப்புகளும் ஓரெண்ணிற் கலந்துவிடும். கலந்தபின் எது யாருடையது எனக் கணிப்பொறி கூறாது. ஆதலின் எவருக்கும் வழங்காத 3000 போன்ற மூன்றாம் எண் தேவை. பரணனை 3000க்கும், கபிலனை 1000க்கும், இறுதியிற் பரணனை 1001க்கும் ரூட் உரிமையுடன் மாற்றுதல் முறை.

'யூசர்மாட்' என்னும் கட்டளை பயனர் எண்ணை மாற்றும். அவருடைய இல்லக் கோப்பகத்தில் அவருக்குரிய கோப்புகளையும் மாற்றும். வெளியிலுள்ளவற்றை 'ஃபைண்ட்' கொண்டு பழைய எண்ணால் தேடி, 'சௌன்' கட்டளையால் மாற்றுதல் வேண்டும். ஒவ்வொரு படியிலும் இதனை முடித்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லுதல் நன்று. குழு எண்ணை 'குரூப்மாட்' மாற்றும்; ஆனால் கோப்புகளிற் பதிந்த குழு எண்ணை அது மாற்றாது. அதற்கு 'சிஹெச்ஜிஆர்பி' கட்டளையைப் பயன்படுத்துதல் வேண்டும்.

முடிவுரை

வருமுன் காத்தலே சிறப்பு. பல பொறிகள் உள்ள இடத்தில் 'எல்டாப்' போன்ற பொதுப் பதிவேடு ஒன்றிலிருந்து எண் வழங்கின் இம்முரண் பெரிதும் எழாது. நீக்கப்பெற்ற பயனரின் எண்ணைப் புதியவர்க்கு அளித்தலும் தவறு. எஞ்சிய பழங்கோப்புகள் அவருடைமையாகிவிடும். ஒருவர் உழைப்பு அவர்க்கே உரித்தாதல் வேண்டுமெனின், பெயரைக் காப்பதுபோல் எண்ணையும் காப்போமாக.