டீசல் காரின் அமுக்க உணரி: பழுதைக் கண்டறிதலும் சுத்தஞ்செய்தலும்

மாணவர்களே, மலைப்பாதையில் ஏறும் ஒரு டீசல் காரின் இழுவை குறைகிறது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் எரிகிறது. கராஜில் ஸ்கானரைப் பொருத்தினால் பி0106 என்ற குறியீடு வருகிறது. இது உள்ளெடுப்புக் குழாயின் அமுக்க உணரியுடன் தொடர்புடையது. உடனே புதிய உணரி வாங்க வேண்டுமா? இங்கேதான் பலர் பணத்தை வீணாக்குகின்றனர். பழுதுக் குறியீடு எங்கே தேடவேண்டும் என்று சொல்லுமேயன்றி, எதை மாற்றவேண்டும் என்று சொல்லாது. இப்பாடத்தில் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுவே.

1. உணரியின் தொழில்

எஞ்சினுக்குள் செல்லும் வளியின் அமுக்கத்தை இவ்வுணரி அளக்கிறது. இதனுள் மெல்லிய சிலிக்கன் தகடு உண்டு. அமுக்கம் மாறும்போது தகடு வளைய, அதன் மின்தடை மாறுகிறது. இம்மாற்றம் வோல்ற்றளவாக இலத்திரனியல் கட்டுப்பாட்டலகுக்குச் செல்கிறது. கிடைக்கும் வளிக்கு ஏற்ற அளவு டீசலை அவ்வலகு தீர்மானிக்கிறது.

உணரி உண்மையிலும் குறைவாகக் காட்டினால் டீசல் குறைக்கப்பட்டு இழுவை குறையும். கூடுதலாகக் காட்டினால் டீசல் மிகுந்து கரும்புகை வரும்.

2. அழுக்கு எங்கிருந்து வருகிறது?

நைதரசன் ஒட்சைட்டுகளைக் குறைப்பதற்காக, வெளியேறும் புகையின் ஒரு பகுதி வால்வு ஒன்றின் ஊடாக மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பப்படுகிறது. அப்புகையிலுள்ள கரி, எஞ்சின் எண்ணெய் ஆவியுடன் சேர்ந்து தார் போல ஒட்டுகிறது. உணரியின் சிறு துளை அடைபட்டால் அமுக்க மாற்றத்தை அது தாமதமாகவே உணரும்.

3. பழுதைக் கண்டறிதல்

(அ) எஞ்சினை இயக்காது, சாவியை மாத்திரம் திருப்பி ஸ்கானரில் வாசிப்பைப் பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது குழாயினுள் இருப்பது வளிமண்டல அமுக்கமே. எனவே கொழும்பில் ஏறத்தாழ 101 கிலோபஸ்கால் காட்டவேண்டும்.

(ஆ) எஞ்சினை இயக்கிப் பாருங்கள். டர்போ உள்ள காரில், சுமையுடன் ஏறும்போது வாசிப்பு விரைவாக உயரவேண்டும். மெதுவாக உயர்ந்தால் துளை அடைபட்டிருக்கலாம்.

(இ) டர்போவிலிருந்து வரும் இறப்பர்க் குழாய்களில் வெடிப்பு உண்டா எனப் பாருங்கள். வளி கசிந்தால் அமுக்கம் உண்மையாகவே குறையும். அப்போது உணரி சொல்வது சரி, குற்றம் குழாயில்!

(ஈ) பிளக்கைக் கழற்றி, சாவியைத் திருப்பிப் பல்மானியால் அளவுங்கள். உணரிக்கு வழமையாக 5 வோல்ற்று வரவேண்டும். வராவிடின் வயரில் அல்லது கட்டுப்பாட்டலகில் கோளாறு. உணரியை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை.

4. சுத்தஞ்செய்யும் படிமுறை

1. எஞ்சினை ஆறவிட்டு, சாவியை எடுத்துவிடுக.
2. பூட்டை அழுத்திப் பிளக்கைக் கழற்றுக. வயரைப் பிடித்து இழுக்கக்கூடாது.
3. திருகாணியைக் கழற்றி, உணரியை நேராக வெளியே எடுக்க. திறந்த துவாரத்தைச் சுத்தமான துணியால் மூடுக.
4. துளை கீழ்நோக்கி இருக்கப் பிடித்து, உணரிகளுக்கென விற்கப்படும் சுத்திகரிப்புத் திரவத்தை விசிறுக. கரி கரைந்து வடியும்வரை மீண்டும் செய்க.
5. ஊசி, கம்பி எதையும் துளைக்குள் விடவேண்டாம். அமுக்கிய வளியால் ஊதவும் வேண்டாம். மெல்லிய தகடு உடைந்துவிடும்.
6. நன்கு உலரவிடுக. இறப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றுக.
7. துணியை எடுத்து, உணரியைப் பூட்டி, குறியீட்டை அழித்து, ஓடிப் பார்க்க.

எச்சரிக்கை: இத்திரவம் எளிதில் தீப்பற்றும். காற்றோட்டமான இடத்தில், கண்களைப் பாதுகாத்து, அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் செய்க.

சில வாரங்களில் மீண்டும் கரி படிந்தால், புகையை மீளச் செலுத்தும் வால்வு சரியாக மூடுகிறதா எனச் சோதிக்க வேண்டும். அழுக்கை அகற்றுவது பாதி வேலை. அது வரும் வழியை அறிவது மீதி.

பயிற்சி வினாக்கள்

1. எஞ்சின் ஓடாதபோது கொழும்பில் 101 கிலோபஸ்கால் காட்டிய உணரி, நுவரெலியாவில் ஏறத்தாழ 81 காட்டியது. உணரி பழுதா?

விடை: இல்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. உயரம் கூடும்போது வளிமண்டல அமுக்கம் குறையும். உணரி உண்மையையே காட்டியது.

2. எஞ்சின் ஓடாதபோது கொழும்பில் 130 காட்டினால்?

விடை: அந்நிலையில் குழாயினுள் அவ்வளவு அமுக்கம் இருக்க முடியாது. எனவே வாசிப்பு பிழையானது. முதலில் துளையையும் வயரையும் சோதிக்க வேண்டும். அவை சரியாயின் மாத்திரமே உணரியை மாற்றவேண்டும்.

விடை எழுதும்போது "பழுது" அல்லது "பழுதல்ல" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எந்த வாசிப்பைக் கொண்டு அம்முடிவுக்கு வந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.