இறக்கத்திலே நியூட்டரல் வேண்டாம், தம்பி



தெல்தோட்டைப் பக்கத்தில் இப்போது பல லயங்களின் வாசலில் ஓட்டோ நிற்கிறது. அப்பாவோ அண்ணனோ ஓட்டுவதைப் பின் சீட்டிலிருந்து பார்த்தே கிளட்ச், கியர் எல்லாம் பழகிவிடுகிறீர்கள். கலஹாவுக்கோ ஹேவாஹெட்டவுக்கோ தனியாக எடுத்துப் போக வேண்டும் என்று கை துறுதுறுக்கிறது. ஆசை தப்பில்லை. ஆனால் மலை ரோட்டில் வண்டியை ஏற்றுவதைவிட இறக்குவதுதான் பெரிய வேலை.

பழகும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “அண்ணே, எறக்கத்துல எதுக்குண்ணே கியரு? நியூட்டரல்ல விட்டாலே தானா போவுமே, பெற்றோலும் மிச்சம்.” இதைச் சில பெரியவர்களே சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதுதான் கவலை. அப்படி மிச்சமாகும் பெற்றோல் காசில் ஒரு பிளேன்டீகூட வராது.

கியரில் இருக்கும்போது எஞ்சினே சக்கரத்தைப் பிடித்து இழுத்து வைக்கிறது. நியூட்டரலில் போட்டால் அந்தப் பிடி விட்டுப்போகும். வண்டியின் பாரம் முழுவதையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் கட்டை உரசி உரசிச் சூடேறும். சூடு கூடக்கூட அதன் பிடிப்பு குறையும். முதலில் கருகிய வாசனை வரும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் வேகம் குறையாது.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்லையில் நடந்ததை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களின் பஸ், அந்தச் செங்குத்தான இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து, வான் ஒன்றிலும் ஓட்டோ ஒன்றிலும் மோதியது. 7 பேர் இறந்தார்கள். வானிலும் ஓட்டோவிலும் இருந்தவர்கள் என்ன பிழை செய்தார்கள்? ஒன்றுமில்லை. கீழே வருகிறவனின் வண்டி நிற்காவிட்டால், மேலே ஏறுகிறவனும் சேர்ந்து போகிறான்.

ஆகவே ஒரு கணக்கை மனதில் வையுங்கள். ஒரு மேட்டை எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில்தான் அதை இறங்க வேண்டும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். வேகம் பிடித்த பிறகு குறைப்பது கஷ்டம். பிரேக்கை ஒரேயடியாக மிதித்துக்கொண்டே இருக்காமல், அழுத்திக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்துங்கள். கருகிய வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக்கூடாது, வெடித்துவிடும்.

பிரேக் கைவிட்டுவிட்டால்? பயத்தில் எஞ்சினை நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் மண்மேட்டுப் பக்கம் உரசுங்கள். கானுக்குள் சக்கரம் விழுந்தால் வண்டிதான் நெளியும். பள்ளத்துப் பக்கம் போனால் ஆளே மிஞ்சாது.

வளைவையும் சொல்ல வேண்டும். 40 கிலோமீற்றர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் 11 மீற்றர் ஓடும். அதாவது லயத்தில் மூன்று காம்பிரா தூரம்! எதிரே கொழுந்து லொறியைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகமே சரியான வேகம். வளைவுக்கு முன் ஹோர்ன் அடித்து, இடப்பக்கத்தை விடாமல் போங்கள். ஓட்டோவுக்கு முன்னால் ஒரே சக்கரம்; வேகமாக ஒடித்தால் கவிழும். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும். பனிமூட்டத்தில் லைட்டைத் தாழ்த்திப் போடுங்கள், உயர்த்திப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

இனி பெற்றோருக்கு. 18 வயதுக்கு முன் சாரதி அனுமதிப்பத்திரம் கிடையாது. “பக்கத்துக் கடைக்குத்தானே” என்று சாவியைக் கொடுக்கிறோம். லைசன் இல்லாத பிள்ளை யாரையாவது மோதிவிட்டால் காப்புறுதிக் கம்பனி கையை விரிக்கலாம். பொலிஸ், கோர்ட் என்று அலைய வேண்டும். லீசிங் தவணையோ மாதாமாதம் வந்து நிற்கும். வெயிலிலும் மழையிலும் கொழுந்து பறித்த காசு அது.

லைசன் எடுத்த பிறகும் முதல் சில வாரம் ஆள் ஏற்றாமல், பகல் நேரத்தில், பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே ரோட்டில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். வெறும் வண்டி நிற்கிற தூரத்தில் மூன்று பேரை ஏற்றிய வண்டி நிற்காது. அந்த வித்தியாசத்தைப் பிள்ளையின் கால் பழகிக்கொண்ட பிறகு, ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றலாம். அதுவும் மூன்று பேர்தான், எட்டுப் பேர் இல்லை.