விளைபொருள் காணும் விதி

ரசாயனம் பயிலும் பள்ளி மாணவர்க்குப் பரீட்சையில் அச்சம் தருவது ஒருவகை வினா. இரு பொருள்களின் பெயரை இடப்பக்கத்தே தந்து, 'இவை கூடின் விளைவது யாது?' என்று வலப்பக்கத்தை வெறிதே விட்டிருப்பர். நூறு சமன்பாடுகளை நெட்டுருச் செய்த மாணவன் நூற்றோராவது வினாவைக் கண்டதும் திகைக்கின்றான். அவன் அறிவிலன் அல்லன். வழி அறியான், அவ்வளவே. அவ்வழி தமிழிலக்கணம் பயின்றார்க்குப் புதியதன்று என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

வாழை என்பதும் பழம் என்பதும் புணர்ந்தால் வாழைப்பழம் ஆகும் என்பதை நாம் மனப்பாடம் செய்வதில்லை. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் நோக்கி விதியைப் பொருத்துகின்றோம். அவ்விதி தெரிந்தவன் முன்பின் கேளாத சொற்களையும் புணர்த்துவான். ரசாயனமும் ஒருவகைப் புணர்ச்சியே. நிற்பது எவ்வினம், வருவது எவ்வினம் என்று முதலில் நோக்குக. பள்ளிப் பரீட்சைக்கு வேண்டும் விதிகள் பெரும்பாலும் நான்கினுள் அடங்கும்.

முதலாவது, கூடுதல். கந்தகம் எரியுங்கால் பிராணவாயுவோடு கூடிக் கந்தக டையாக்சைடு ஆகும். இரண்டாவது, பிரிதல். கடற்கரையிற் பொறுக்கிய கிளிஞ்சலைக் காளவாயிலிட்டுச் சுட்டால் சுட்ட சுண்ணாம்பும் கரியமிலவாயுவும் எனப் பிரியும். மூன்றாவது, ஒன்று மற்றொன்றை ஓட்டி அதன் இடத்தைக் கொள்ளுதல். மயில்துத்தக் கரைசலில் இரும்பாணியை இட்டால் ஆணிமேற் செம்பு படியும். இரும்பு கரைசலிற் புகும். நான்காவது, இரண்டும் துணை மாறுதல். கறியுப்புக் கரைசலோடு வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைச் சேர்த்தால் வெள்ளி குளோரைடு வெண்ணிறமாய்ப் படியும்; சோடியம் நைட்ரேட்டு நீரிலே தங்கும். அமிலமும் காரமும் கூடி உப்பும் நீரும் ஆதலும் இந்நான்காவதின் பாற்பட்டதே.

இனம் கண்டபின், 'இது நிகழுமா?' என்று வினவுதல் வேண்டும். இவ்விடத்தே வழுக்குவோர் பலர். மூன்றாம் விதிக்கு உலோகங்களின் வீரிய வரிசையே சான்று. மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, ஈயம், ஹைட்ரஜன், செம்பு, வெள்ளி, பொன் என்னும் வரிசையில் முன் நிற்பது பின் நிற்பதை ஓட்டும். பின்னது முன்னதை ஓட்டாது. ஆதலால் துத்தநாகம் நீர்த்த உப்பமிலத்திலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றும், செம்பு வாளாவிருக்கும். நான்காம் விதிக்கோ, கரைசலை விட்டு ஏதேனும் நீங்குதல் வேண்டும்: வீழ்படிவு விழவேண்டும், அல்லது வாயு எழவேண்டும், அல்லது நீர் உண்டாகவேண்டும். கறியுப்பையும் வெடியுப்பையும் நீரிற் கரைத்துக் கலந்தால் இம்மூன்றில் ஒன்றும் இல்லை. அவ்வினாவுக்கு 'வினை நிகழாது' என்பதே முழுவிடை.

இவ்விதிகளை ஒரு புதிய இடத்திற் பொருத்திப் பார்ப்போம். செங்கற்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் இடையே உள்ள படாளத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உண்டு. நம் நாட்டில் வெள்ளைச் சர்க்கரை செய்யும் ஆலைகள் பெரும்பாலும் கையாளும் முறையில், கரும்புச்சாற்றோடு சுண்ணாம்புப் பாலைக் கலந்து, கந்தகத்தை எரித்த புகையை அதனுட் செலுத்துவர். விளைவது யாது? கந்தகப் புகை நீரிற் கரைந்தால் அமிலம், சுண்ணாம்போ காரம். ஆகவே உப்பும் நீரும் விளையவேண்டும். அவ்வுப்பு கால்சியம் சல்பேட்டா, சல்பைட்டா? எரியும் கந்தகத்தின் ஓர் அணு பிராணவாயு அணு இரண்டையே பெரும்பாலும் பற்றும். மூன்றாவதைப் பற்றுவிக்கக் கந்தக அமிலத் தொழிற்சாலைகளில் வினையூக்கியின் துணையை நாடுவர். ஆதலால் இங்கு விளைவது கால்சியம் சல்பைட்டு. இது கரையாது படிந்து, சாற்றின் அழுக்கையும் தன்னுடன் ஈர்த்துக் கீழே இறங்கும். தெளிந்த சாறு மேலே நிற்கும். இச்சமன்பாட்டை ஒருபோதும் படித்திராத மாணவனும் விதியைக்கொண்டு இவ்விடையை அடையலாம்.

இனி, இலக்கணமும் ரசாயனமும் வேறுபடும் இடம் ஒன்று உண்டு. அதனை மறவாதிருத்தல் நன்று. தோன்றல், திரிதல், கெடுதல் என விகாரம் மூன்று என்பது நன்னூலார் கொள்கை. மரம் என்பதும் வேர் என்பதும் மரவேர் ஆகுங்கால் மகர மெய் கெடுகின்றது. அது எங்குச் சென்றது என்று எவரும் கேளார். ரசாயனத்திலோ தோன்றலும் இல்லை, கெடுதலும் இல்லை. தூய சுண்ணாம்புக்கல் 100 பங்கைச் சுட்டால் எஞ்சுவது 56 பங்கு. எஞ்சிய 44 பங்கு கெட்டொழியவில்லை. கரியமிலவாயுவாய்க் காற்றிற் கலந்தது. அச்சுண்ணாம்பை நீர்த்துச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து அவ்வாயுவை மெல்ல மீளப் பெற்றுக் கல்லாய் இறுகும். வினைக்கு முன்னும் பின்னும் பொருளின் அளவு மாறாது என்னும் இவ்வுண்மையைப் பிரான்சு நாட்டு லவாசியே 1789-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் நிலைநாட்டினார்.

மாணவன் தன் விடையைத் தானே சோதித்தற்கு இதனினும் சிறந்த கருவி இல்லை. முன் கூறிய ஆலை வினையையே கொள்க. நீர்த்த சுண்ணாம்பு 74 பங்கு, கந்தக டையாக்சைடு 64 பங்கு, கூட்டினால் 138. கால்சியம் சல்பைட்டு 120, நீர் 18, இதுவும் 138. இரு புறமும் ஒத்தன. ஒவ்வாவிடின், கணக்கிலோ விளைபொருளிலோ பிழை உண்டு என்பது உடனே விளங்கும். ஒப்பதனால் மட்டும் விடை சரியென்று துணியற்க. இனமும் நிகழ்ச்சியும் முன்னரே ஆராயப்பட்டிருத்தல் வேண்டும்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ்வாயிலாக மருத்துவம் கற்பித்த மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் அவர்களின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் ரசாயன நூல் 1875-ஆம் ஆண்டில் தமிழில் வெளிவந்தது. தமிழன் தன் மொழியிற் சிந்தித்தே இச்சாத்திரத்தை அறிதல் கூடும் என்று அவர் நம்பினார். தமிழிற் கற்று, பொருள் உணராது நெட்டுருச் செய்வோமாயின் அந்நம்பிக்கையை நாமே பொய்ப்பிப்போர் ஆவோம். ஆகவே, பரீட்சைக்குச் செல்லும் இளையோரே, வலப்பக்க வெற்றிடத்தைக் கண்டு அஞ்சற்க. எவ்வினம் என்று நோக்குக. நிகழுமா என்று வினவுக. இருபுறமும் நிறுத்துப் பார்க்க. விடை தானே வரும்.